பவுசி கொண்டுவந்த எருமை

2018 டிசம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை, காலை 6 மணி 20 நிமிடம். ரங்கூனுக்கு வடக்கே, மாவ்பிக்கு அருகே ஒரு குளக்கரை. மூடுபனியில் எதிர்க்கரை தெரியவில்லை. காற்று இல்லை. பதினேழு டிகிரி என்று எங்கள் லாரி ஓட்டுநரின் கைபேசி சொன்னது. என் முழங்கால்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை, இன்னும் குறைவு என்றன.

நாய்களோடு வேலை செய்ய இந்த வருடம் புதிதாக வந்திருக்கும் உங்கள் ஆறு பேருக்கும் அந்தக் காலையைத்தான் சொல்லப்போகிறேன். நாயை உட்காரவைப்பது, கயிற்றை எந்தக் கையில் பிடிப்பது, விசிலை எத்தனை முறை ஊதுவது என்பதையெல்லாம் மிங்கலாடோன் நாய்க்கொட்டிலில் ஒரு மாதத்தில் கற்றுக்கொள்வீர்கள். கையில் பத்து நிமிடம்தான் இருக்கிறது, மூன்று நடுவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், உங்கள் நாய் உலகத்தில் யாருமே கேட்காத ஒரு காரியத்தைச் செய்துவிடுகிறது. அப்போது உங்கள் வாயும் கையும் என்ன செய்ய வேண்டும்? அதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள். எனக்கும் பாதிதான் தெரியும்.

முதலில் என்னைப் பற்றி. ரங்கூன் துறைமுகத்தில் முப்பத்து நான்கு வருடம் டாலி கிளார்க்காக இருந்தேன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணுவது என் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் எண்ணுவது நிற்கவில்லை. பபேடான் பேட்டையில் என் வீட்டுக்கு எழுபத்தெட்டுப் படிகள். சாப்பாட்டை எத்தனை முறை மெல்கிறேன் என்பதைத் தன்னிடம் சொல்லக்கூடாது என்று என் மனைவி சொல்லிவிட்டாள். அறுபத்திரண்டு வயதில், தெருமுனை இரும்புக் கடைக்காரர் செல்வம், பர்மிய மரியாதையில் கோ செல்வம், தன் நாய்க்கொட்டிலில் தீவன மூட்டைக் கணக்கு எழுதக் கூப்பிட்டார். போனேன். போன முதல் நாளே, பதினேழாவது மூட்டையை எண்ணும்போது, ஒரு பழுப்புப் புள்ளி நாய் வந்து என் வலது பாதத்தின் மேல் தலையை வைத்துத் தூங்கிவிட்டது. நான் எண்ணும்போது யாரும் பக்கத்தில் நின்றதே கிடையாது. மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். அது எழுந்திருக்கவில்லை.

அதுதான் பவுசி. ஆவியில் வேகவைக்கும் பன்னுக்கு இங்கே அந்தப் பெயர். ஜெர்மன் பாயிண்டர் ஜாதி, வேட்டைக்குப் பிறந்தது. ஒன்றரை வயது வரை தின்றதையும் தூங்கியதையும் தவிர ஒன்றும் செய்யவில்லை. கோ செல்வம் பொறுமை இழந்துவிட்டார். துறைமுகத்தில் எழுத்து வேலை பார்த்தவன் என்பதால் என்னை அவர் ‘சாயா’ என்பார், வாத்தியாரைக் கூப்பிடுவது போல.

“சாயா, டிசம்பர்ல தேர்வு இருக்கு. பாஸ் பண்ணுச்சுன்னா உங்ககூட கொட்டில்ல கெடக்கட்டும். இல்லேன்னா கோடௌன்காரன் மூணு லட்சம் கியாட்டுக்குக் கேக்கிறான், தள்ளி விட்டுருவேன். வாசல்ல சங்கிலில கெடந்து கொலைக்கட்டும்.”

பவுசி குரைத்து நான் கேட்டது மொத்தம் நான்கு முறை. அதில் இரண்டு கனவில். அதைச் சங்கிலியில் போட்டால் என்ன ஆகும் என்று மூன்று இரவு யோசித்தேன். நான்காம் நாள், நானே பழக்குகிறேன் என்று சொல்லிவிட்டேன். நாய் பழக்குவதைப் பற்றி எனக்கு அப்போது எவ்வளவு தெரியும்? பூஜ்யம்.

தேர்வு என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்களில் யாரும் வேட்டையாடுவதில்லை, யாரிடமும் துப்பாக்கியும் இல்லை. ஆனாலும் வேட்டை நாய் வைத்திருக்கும் சிலர் சேர்ந்து, குளிர்காலத்தில் வயலில் நான்கு பரீட்சை வைப்பார்கள். புல்லில் பறவையைத் தேடிக் கண்டுபிடித்து அசையாமல் நிற்க வேண்டும். செத்த வாத்தை இழுத்துச் சென்ற வழியை முகர்ந்து போக வேண்டும். வெடிச்சத்தத்துக்கு மிரளக்கூடாது. வெடிக்குப் பதில் இரண்டு தேக்குப் பலகைகளை அறைவார்கள். உண்மையான வெடி வெடித்தால் மாவ்பி ஊரே ஓடிவிடும். கடைசியாக, குளத்துக்கு அக்கரையில் நாணலுக்குள் போட்ட வாத்தை நீந்திப் போய் எடுத்துவந்து கையில் கொடுக்க வேண்டும். நான்கிலும் சேர்த்து நூறு மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. ஆனால் நான்கில் எதிலாவது பூஜ்யம் வாங்கினால் மற்றதெல்லாம் வீண்.

கொட்டிலில் எனக்கு முன்பே வேலை பார்த்தவள் சின் மலையிலிருந்து வந்த ஒரு பெண். என்னைவிட இருபத்தாறு வயது சிறியவள். பெயரைச் சொல்ல மாட்டேன். எழுத்தில் தன் பெயர் வருவது அவளுக்குப் பிடிக்காது. என்னை ‘ஊலே’ என்பாள், மாமா என்பது போல. பர்மியமும் அவள் மலை மொழியும்தான் பேசுவாள், அதையும் குறைவாகவே பேசுவாள். நான் முதல் மாதம் வழி முகர்வதைப் பழக்கிய அழகை ஒருநாள் வேலியில் சாய்ந்துகொண்டு பார்த்தாள். நான் தினமும் வாத்தை இருநூறு அடி வைத்து இழுப்பேன். எண்பதாவது அடியில் இடப்பக்கம் திரும்புவேன். எண்ணாமல் நடக்க எனக்குத் தெரியாது. பவுசி ஒரு பிசகும் இல்லாமல் போய் எடுத்துவரும். பெருமையாக இருந்தேன். அவள் வாத்தை வாங்கி, நூற்று முப்பது அடி இழுத்து, வலப்பக்கம் திருப்பிப் போட்டுவிட்டு வந்தாள்.

பவுசி கிளம்பியது. எண்பதாவது அடியில் இடப்பக்கம் திரும்பியது. இருநூறாவது அடியில் நின்றது. அங்கே ஒன்றும் இல்லை. உட்கார்ந்துகொண்டு, வேலையை முடித்துவிட்ட குமாஸ்தா மாதிரி என்னைப் பார்த்தது.

“நாய்க்கு மூக்கு இருக்கு, ஊலே,” என்றாள் அவள். “நீங்க அதுக்குக் கணக்கு சொல்லிக் குடுத்திருக்கீங்க.”

அந்தக் கணக்கை அதன் தலையிலிருந்து எடுக்க மூன்று வாரம் ஆனது. கண்ணை மூடிக்கொண்டு நடந்து, பாட்டு முணுமுணுத்து எண்ணிக்கையைக் குழப்பி, ஒருமுறை கரும்பு வண்டியில் மோதி, எப்படியோ எடுத்தேன்.

ஆகஸ்டில் கொட்டிலில் குட்டிகளுக்கு நோய் வந்தது. நோய் இல்லாத நாய்களைப் பிரித்துவைக்க வேண்டியிருந்ததால், பவுசியை ஆறு வாரம் என் வீட்டுக்குக் கொண்டுபோனேன். ரங்கூன் மாடி வீடுகள் உங்களுக்குத் தெரியும். பன்னிரண்டரை அடி அகலம், ஐம்பதடி நீளம், சவப்பெட்டியை நீட்டினாற்போல. வெளியே விடாத மழை. பொருளை எடுத்துவந்து கையில் கொடுப்பதைத்தான் உள்ளே பழக்க முடிந்தது. இரண்டாம் நாள் பவுசி தானாகவே படிக்கட்டில் போய் நான்காம் மாடிக்காரரின் செருப்பைக் கவ்விவந்து நீட்டியது. திட்டிவிட்டேன். உரக்கத்தான் திட்டினேன். அதன் பிறகு ஒன்பது நாள் அது எதையுமே வாயால் தொடவில்லை. பந்து, துணி, வாத்துச் சிறகு, எதைப் போட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. எனக்குத் தூக்கம் போய்விட்டது. பத்தாம் நாள் சின் பெண்ணுக்குப் போன் செய்தேன்.

“வீட்டுக்கு வந்தவங்க ஒண்ணு குடுத்தா எப்படி வாங்குவீங்க?” என்று கேட்டாள்.

ரெண்டு கையாலும், என்றேன். இங்கே அதுதானே மரியாதை.

“நாய் குடுத்தா மட்டும் ஏன் அடிக்க வர்றீங்க? அது என்ன குடுத்தாலும் ரெண்டு கையால வாங்குங்க. பிடிக்கலேன்னா அப்புறமா தூக்கிப் போடுங்க. அதுக்குத் தெரியாம.”

அன்று மாலையே பவுசி ஒரு செத்த எலியைக் கொண்டுவந்தது. நான் மண்டியிட்டு, இரண்டு கையையும் நீட்டி, நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். அந்தக் கையால் சோற்றுப் பானையைத் தொட்டால் வீட்டில் இரண்டு அடுப்பு எரியும் என்று சமையலறையிலிருந்து என் மனைவி அறிவித்தாள்.

இதுவரை நான் செய்த தவறுகள் எல்லாருக்கும் வரக்கூடியவை. இனிச் சொல்வது ரங்கூன் மாடிக்காரன் மட்டுமே செய்யக்கூடியது. எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டு பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தெருவரை தொங்கும். நுனியில் ஒரு கிளிப், மேலே ஒரு மணி. பேப்பர்காரன் பேப்பரைக் கிளிப்பில் மாட்டிக் கயிற்றைச் சுண்டுவான். மணி அடிக்கும். மேலே இழுத்துக்கொள்வோம். ஒருநாள் மணி அடித்ததும் பவுசி என்னை முந்திக்கொண்டு கயிற்றைக் கவ்வியது. கவ்வியபடி பின்னோக்கி நடக்கத் தொடங்கியது. பால்கனியிலிருந்து கூடம், கூடத்திலிருந்து சமையலறை என்று ஐம்பதடி வீட்டின் கடைசிவரை பின்பக்கமாகவே நடந்து, ஐந்து மாடிக்குக் கீழே இருந்த பேப்பரை மேலே கொண்டுவந்துவிட்டது.

என் மகிழ்ச்சியைக் கேட்காதீர்கள். அந்த ஆறு வாரம் முடிவதற்குள் இருபத்தேழு பேப்பர், பதினான்கு கட்டுக் கீரை, ஒரு சமோசாப் பொட்டலம். தெருவில் கூட்டம் நின்று பார்த்தது. இதை மட்டும் சின் பெண்ணிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் நிறுத்தச் சொல்வாள் என்று எனக்குத் தெரியும். வேலையில் நீங்கள் எதையாவது சொல்லாமல் வைத்திருந்தால் அது தவறு என்று உங்களுக்கே தெரிந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த டிசம்பர் ஞாயிறு.

முதல் மூன்று பரீட்சையும் முடிந்தபோது மணி 8:50. புல்லில் கவுதாரி முன்னால் பவுசி சிலை மாதிரி நின்றது. வழியை மூக்கால் மட்டுமே தேடிப் போனது. பலகை அறைந்தபோது மிரண்டது நான்தான். என் நோட்டில் கூட்டிப் பார்த்தேன்: எழுபத்தெட்டு. குளத்தில் இருபத்திரண்டு எடுத்தால் போதும். பூஜ்யம் வந்தால் கோடௌன். கோ செல்வம் வெளுத்த சட்டையில் வந்து நின்று கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். சின் பெண் வேலிக்கு அப்பால் நின்றாள். தேர்வு நேரத்தில் அவள் என்னோடு பேசக்கூடாது. பனி விலகி எதிர்க்கரை தெரிந்தது. நாணல் ஓரத்தில் ஓர் எருமை கழுத்துவரை தண்ணீரில் கிடந்தது. தலைமை நடுவரான ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், எருமை இருந்தால் ஒன்றுமில்லை, வேட்டைக் களத்தில் எல்லாம்தான் இருக்கும் என்று சொல்லிக் கடிகாரத்தை அழுத்தினார்.

பவுசி பாய்ந்தது. நேராக நீந்தியது. அக்கரை ஏறி நாணலுக்குள் மூக்கை விட்டது. வாத்து ஆறடி தூரத்தில். நான் மூச்சை எண்ணினேன். அப்போது எருமை ஓர் ஈயை விரட்டத் தலையை ஆட்டியது. அதன் கழுத்தில் வெண்கல மணி.

மணி அடித்தது.

பவுசி நிமிர்ந்து பார்த்தது. மணிக்குக் கீழே ஒரு கயிறு தொங்கியது. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. உலகத்தில் அந்த நிமிடத்தில் அது எனக்கு மட்டுமே புரிந்தது.

அது வாத்தை விட்டுவிட்டு எருமையின் மூக்கணாங்கயிற்றைக் கவ்வி, பின்பக்கமாக இழுத்தது. எருமையைச் சின்னப் பிள்ளைகள் கயிற்றைத் தொட்டு நடத்திப் போவார்கள், பார்த்திருப்பீர்கள். கயிறு அசைந்தால் வரவேண்டும் என்பதுதான் அதற்குத் தெரியும். எழுந்தது. பவுசி எங்கள் பக்கம் திரும்பி நீந்த, எருமையும் ஆழத்துக்கு இறங்கியது. முன்னால் நாய்த்தலை ஒன்று, நடுவில் எட்டடிக் கயிறு, பின்னால் கொம்போடு பெரிய தலை ஒன்று, மூன்றும் வரிசையாக எங்களை நோக்கி நீந்தி வந்தன. மணி விடாமல் அடித்தது. எருமைக்குப் பின்னால் அக்கரையில் ஓர் அம்மாள் லுங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு குளத்தைச் சுற்றி ஓடிவந்தாள்.

நடுவர்களில் இருவர் எழுந்து நாற்காலிகளுக்குப் பின்னால் போனார்கள். கோ செல்வம் என்னைப் பார்த்து, கூப்பிடுங்க சாயா, விடச் சொல்லுங்க என்று கத்தினார். என் தொண்டையிலும் அதே சத்தம்தான் இருந்தது. சத்தம் போட்டால் ஐந்து மதிப்பெண் போகும். அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்த ஒன்பது நாள்தான் கண்முன் நின்றது. இப்போது திட்டினால் பவுசி கயிற்றை விடும், பிறகு வாத்தையும் தொடாது. திட்டாவிட்டால் ஓர் எருமை என் மேல் ஏறும். யோசிக்க எனக்குக் கிடைத்தது, எண்ணினேன், பதினொரு வினாடி.

கரையில் மண்டியிட்டேன். இரண்டு கையையும் நீட்டினேன். பவுசி சேற்றோடு ஏறிவந்து, விதிப்படி என் எதிரில் உட்கார்ந்து, கயிற்றை என் கையில் வைத்தது. நன்றி பவுசி என்றேன். எருமையின் மூச்சு என் நெற்றியில் அடித்தது. அதில் பசும்புல் வாசம்.

ஓடிவந்த அம்மாள் மூச்சுவாங்க நின்றாள். முதலில் பர்மியத்தில் திட்டினாள். நான் தமிழில் மன்னிப்புக் கேட்டதும் தமிழுக்கு மாறினாள். மாவ்பிப் பக்கம் நம் ஆட்கள் வயல் வைத்திருப்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவள் பெயர் பர்மிய ஏட்டில் டோ மியா, கோயிலில் மாரியம்மா.

“ஏய்யா, வயசான மனுசன், நாய வுட்டு மாடு திருடுறியா?”

“இல்லம்மா, வாத்து எடுக்க அனுப்பினேன்.”

“வாத்துக்கும் எருமைக்கும் வித்தியாசம் தெரியாத நாய வச்சுக்கிட்டு என்னத்த வேட்ட ஆடப் போற?”

மணியைக் கொஞ்சம் கையால் மூடிப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினேன். என்ன நினைத்தாளோ, பிடித்துக்கொண்டாள். சத்தம் நின்றது. கடிகாரத்தில் நான்கு நிமிடம் மிச்சம். போ என்று உடனே அனுப்ப வாய் துடித்தது. ஆனால் பவுசியைப் பார்த்தேன். அதைப் பொறுத்தவரை பேப்பர் வந்துவிட்டது, வேலை முடிந்தது. இப்போது அனுப்பினால் எதற்கென்று தெரியாமல் சுற்றிவரும். காத்திருந்தேன். நீங்கள் இந்தத் தொழிலில் எத்தனை வருடம் இருந்தாலும், ஓடும் கடிகாரத்தின் முன்னால் சும்மா நிற்பதைவிடக் கடினமான வேலை உங்களுக்கு வராது. ஒரு நிமிடம் போனது. பவுசி உடம்பை உதறியது. இன்னொரு அரை நிமிடம். ஓர் இலையை முகர்ந்தது. பிறகு மூக்கைத் தூக்கியது. அக்கரையிலிருந்து லேசாகக் காற்று வரத் தொடங்கியிருந்தது. அதன் காது இரண்டும் முன்னால் வந்தன.

“போ,” என்றேன். மெல்லத்தான் சொன்னேன். அதற்குக் கேட்டது.

ஒன்பது நிமிடம் நாற்பத்தாறு வினாடியில் வாத்து என் கையில் இருந்தது.

நடுவர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். நாய் வாத்தை மறுத்துவிட்டது, பூஜ்யம் என்றார் ஒருவர். மறுக்கவில்லை, கூடுதலாக ஒன்று கொண்டுவந்தது, அதைப் பற்றி விதியில் ஒன்றுமில்லை என்றார் இன்னொருவர். தலைமை நடுவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாத்தைப் புரட்டிப் பல் தடம் பார்த்தார். இல்லை. பிறகு அதே கண்ணாடியோடு எருமையிடம் போய் அதன் மூக்கையும் பார்த்தார்.

“இதிலும் பல் படவில்லை,” என்று பர்மியத்தில் சொல்லி எழுதிக்கொண்டார். “வாய் மென்மைக்கு முழு மதிப்பெண்.”

குளத்துக்கு இருபத்தைந்து. மொத்தம் நூற்று மூன்று. நான் மூன்று முறை கூட்டினேன். மூன்று முறையும் நூற்று மூன்றே வந்தது. அறுபத்திரண்டு வயதில் ஓர் ஆள் சேற்றில் குதித்து ஆடினால் எப்படி இருக்கும் என்று கோ செல்வத்தின் கைபேசியில் இப்போதும் இருக்கிறது. அந்தச் சந்தோஷச் சத்தத்தில் எருமை மிரண்டு நடுவர்களின் மொகிங்கா மீன்குழம்புப் பானையைக் கவிழ்த்துவிட்டு, மாரியம்மாவின் கீரைப் பாத்திகளில் ஒன்பதை மிதித்துக்கொண்டு வீட்டுக்குப் போனது. வேலிக்கு அப்பால் சின் பெண் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எழுந்துவந்து, எத்தனை நாளாக அந்த மணி விஷயம் என்று கேட்டாள். இருபத்தேழு பேப்பர் என்றேன்.

இந்தக் கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். லாரியில் ஏறும்முன் கோ செல்வம் என்னைத் தனியே கூப்பிட்டார். முகத்தில் வெட்கம். அவர் கெட்டவர் அல்ல. அவர் கைபேசியில் ஏற்றிய படத்தைப் பார்த்துவிட்டுப் பாத்தெய்னிலிருந்து ஓர் அரிசி ஆலைக்காரர் போன் செய்திருக்கிறார். எருமையைக் கொண்டுவரும் நாய்க்கு இருபத்தைந்து லட்சம் தருகிறாராம்.

“வாக்குக் குடுத்துட்டேன் சாயா, இல்லேங்கல. ஆனா நானும் வியாபாரி. இருபத்தஞ்சு லட்சத்த எப்படி வேணாம்னு சொல்றது? நேத்து நீங்க கேட்டிருந்தா மூணு லட்சத்துக்கே குடுத்திருப்பேன்.”

நேற்று. நேற்று நான் கேட்கவில்லை. நேற்று அது பாஸாக வேண்டும் என்று பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டிருந்தேன். ஆறு மாதம் நாய்க்குச் சொல்லிக்கொடுத்து, நானே அதன் விலையை எட்டாத உயரத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். முப்பத்து நான்கு வருடத்தில் என் வேலைக்கு யாரும் விலை சொன்னதில்லை. முதல் முறையாக ஒருவர் சொல்லியிருக்கிறார். பெருமைப்படக்கூட நேரமில்லை, ஆலைக்காரருக்கு மறுநாள் மதியத்துக்குள் பதில் வேண்டும் என்றார் கோ செல்வம்.

நானே வாங்கிக்கொள்கிறேன் என்று பேரம் பேசியதும் பதினெட்டு லட்சத்துக்கு இறங்கிவந்தார். அதற்குக் கீழே வரவில்லை. துறைமுகம் ஓய்வின்போது கொடுத்த பணத்தில் நாங்கள் தொடாமல் வைத்திருந்தது இருபது லட்சம். அன்றிரவு பவுசியோடு வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் மூன்று விதமாகக் கணக்குப் போட்டுக் காட்டினேன். அவள் நோட்டைப் பார்க்கவேயில்லை. பவுசியின் காதில் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டே, “கூட்டினது போதும், பேங்குக்குப் போயிட்டு வாங்க,” என்றாள்.

நாய் பதினெட்டு லட்சம். தேர்வுக் கட்டணம் முப்பதாயிரம். லாரி நாற்பத்தைந்தாயிரம். மொகிங்காவும் பானையும் பன்னிரண்டாயிரம். ஒன்பது பாத்திக் கீரை பதினைந்தாயிரம். மாரியம்மா பத்துதான் கேட்டாள். ஆகமொத்தம் பத்தொன்பது லட்சத்து இரண்டாயிரம் கியாட்.